உள்ளே விட்டது யார்?

"இது தானா வந்த வைரஸ் இல்ல மேடம். வீட்டுல இருக்கற யாரோ கதவைத் திறந்து, 'வா ராஜா, உள்ள வா'ன்னு கூப்பிட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு நாகேஷ் நாற்காலியைத் திருப்பித் தீபிகாவைப் பார்த்தான். அடுகோடி ஏரியாவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். ஜீவனஹள்ளியிலிருக்கும் இந்த வீட்டுக்கு எத்தனை முறை வந்தானோ, அவனுக்கே மறந்துவிட்டது. வருவான், வைரஸையெல்லாம் துடைப்பான், போவான். வண்டியின் புழுதி அடங்குவதற்குள் மறுபடி போன் வரும். தொழிலே தெரியாதவன் என்று இவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று அவனுக்கு ரோஷமாகக்கூட இருந்தது. இன்றைக்கு ஒரு முடிவு கட்டாமல் போவதில்லை என்றுதான் வந்திருந்தான்.

"யாரோன்னா? இந்த வீட்டுல நானும் அப்பாவும்தானே" என்றாள் தீபிகா. "ஆபீஸ்ல கடைசி வார்னிங் குடுத்துட்டாங்க நாகேஷ். நான் வீட்டுல இருந்து அனுப்பற ஃபைல்லதான் வைரஸ் போகுதாம். இன்னொரு வாட்டி வந்தா வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. வாடகை, அப்பாவோட மாத்திரை, எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான்."

"பேசாம வேற கம்ப்யூட்டர் வாங்கிடுங்களேன்."

"இது எங்க ரகுராம் அண்ணன் வாங்கிக் குடுத்தது. அப்பா மாத்த விடமாட்டார். அந்த மகராசன் வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலைன்னு தீபாவளிக்கு முன்னாடி பிளேன் ஏறினான். அதோட சரி, ஒரு போன் கிடையாது. நாங்க இங்க இந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறோம்."

மூலையில் கட்டிலின் மேல் தீபிகாவின் அப்பா கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். கையில் போன். அதை அவர் கீழே வைத்து நாகேஷ் பார்த்ததே இல்லை.

"அங்கிள், நேத்து மத்தியானம் மேடம் வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல இருந்தாங்க. அந்த நேரத்துலதான் இது உள்ள வந்திருக்கு. சும்மா சொல்லுங்க, யாரு ஏத்தினது?"

"நான்தான் தம்பி."

தீபிகா கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு பையன் போன் பண்றான். கம்ப்யூட்டர் கம்பெனில இருந்து பேசறேன், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நான் சொல்றதை அழுத்துங்கன்றான். அழுத்தறேன்."

"ஒவ்வொரு தடவையும் அதே பையனா?"

"அதே பையன்தான். மரியாதையா பேசறான்."

நாகேஷ் தலையில் அடித்துக்கொண்டான். கோவிந்தன் எம்.ஜி. ரோட்டில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எந்த மாடி என்று சொன்னாலும் மறுபேச்சில்லாமல் பொத்தானை அழுத்தியே பழகிய கை. வேறென்ன செய்யும்?

"திருடன்ப்பா அவன்! படிச்சுப் படிச்சு சொன்னேனே!" தீபிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் வேலை போனா நாம ரெண்டு பேரும் நடுரோட்டுலதான் நிக்கணும்."

கோவிந்தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகேஷுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்தான். இனிமேல் பாஸ்வேர்ட் இல்லாமல் எதையும் உள்ளே ஏற்ற முடியாதபடி பூட்டிவிட்டு, அதைத் தீபிகாவிடம் மட்டும் சொன்னான்.

"போனைக் குடுங்க அங்கிள். அந்த நம்பரையும் பிளாக் பண்ணிடறேன்."

"வேணாம் தம்பி."

"அட, குடுங்க." ஏறக்குறைய பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

கைக்கு வந்ததும் போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு நம்பர். நாகேஷ் தீபிகாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் காதில் வைத்தான்.

"வணக்கம் சார், கஸ்டமர் கேர்ல இருந்து பேசறேன். உங்க கம்ப்யூட்டர்ல..." இளைஞன் குரல். ஒப்பிப்பது போலப் பேசினான்.

"லோ, கள்ள நன் மகனே!" நாகேஷ் கன்னடத்திலேயே திட்ட ஆரம்பித்தான். "வயசானவரை ஏமாத்தறியா? நீ ஏத்தினதெல்லாம் துடைச்சாச்சு. இனிமே இந்த வீட்டுல உன் பருப்பு வேகாது!"

"சார், ஐயாகிட்ட குடுங்க சார். ஒரே ஒரு நிமிஷம். வெச்சுடாதீங்க சார்" என்று அந்தப் பக்கம் குரல் நடுங்கியது.

"நாடகமா ஆடறே?" நாகேஷ் வைத்துவிட்டான். வெளிநாட்டிலிருந்து எந்த அழைப்பும் வராதபடி தடுத்துவிட்டு, வெற்றி வீரனைப் போலப் போனை நீட்டினான்.

"முடிஞ்சுது மேடம். இனி என்னைக் கூப்பிட வேலையே இருக்காது."

கோவிந்தன் எழுந்து வந்தார். போனை வாங்கி நாகேஷிடமே திரும்ப நீட்டினார்.

"திறந்து விடு தம்பி. கால்ல விழறேன். உடனே திறந்து விடு."

"உங்களுக்குப் பைத்தியமாப்பா?" தீபிகா கத்தினாள். "என்னைவிட அந்தத் திருட்டுப் பயல் பெரிசா போயிட்டானா?"

"முதல் வாட்டி நானும் இப்படித்தாம்மா திட்டிட்டு, மாட்டேன்னுட்டேன். போனை வெக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் அவனைப் பெல்ட்டால அடிக்கற சத்தம், அவன் அழுகை. அழுத்தறேன் சார், அழுத்தறேன்னு கத்தினேன். அடி நின்னுது." அவருக்கு மூச்சு வாங்கியது. "வெளியில சொன்னா அவனைக் கொன்னுடுவாங்களோன்னு உன்கிட்டகூட வாயைத் திறக்கல. பேசினப்போ எனக்கு அடையாளம் தெரியல தீபி. அழுதப்பதான் தெரிஞ்சுது, நம்ம ரகுராம்னு."