ஜன்னலுக்கு ஒரு சட்டை

"ஜன்னலுக்கெல்லாம் சட்டை போட்டுவிடப் பன்னெண்டாயிரமா?" என்று குதித்தார் மயில்சாமி.

"வெயில் உள்ள வராதுங்கப்பா. கரண்டு பில்லும் குறையும்" என்று கொஞ்சினாள் நித்யஸ்ரீ. மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

ஜன்னல் கண்ணாடிகளில் சன் பிலிம் ஒட்டியதும் வீடு குளுகுளுவென்று ஆனது. ஆனால் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும், அவர்கள் படியேறும் முன்பே வேண்டாம் என்றுவிட்டாள்.

"கரண்டு பில்லோட வரனும் குறைஞ்சுக்கிட்டே போகுது" என்று அப்பா புலம்பினார்.

"மூஞ்சியக்கூடப் பாக்காம வேண்டாங்கறியே கண்ணு!" என்றாள் அம்மா.

பார்க்காமலா? பிலிம் ஒட்டிய ஜன்னல், வாசலில் நிற்பவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே நிற்பவளுக்கோ வெளியே நடப்பது அத்தனையும் தெரியும். முதலாமவன் அதில் தலை சீவிக்கொண்டே டிரைவரை அதட்டினான். அடுத்தவன் மீசையை முறுக்கிக்கொண்டே பெற்ற தாயை முறைத்தான். அரை மணி நேரம் சோபாவில் பவ்யமாக உட்காருகிறவனை வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்றாவதாக, திருச்செங்கோட்டிலிருந்து இளவழகன் வந்தான். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. தன் அம்மா கழற்றிய செருப்பை, வெயிலில் சுடுமே என்று நிழலில் எடுத்து வைத்தான். நித்யஸ்ரீ உருகிப்போனாள். காபி ஆறும் முன்பே சம்மதம் சொல்லிவிட்டாள்.

தனியாகப் பேச இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

"ஏனுங்க, செருப்பை எடுத்து வெச்சது உள்ளிருந்து நல்லாத் தெரிஞ்சுதுங்களா?" என்றான் இளவழகன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க ஊட்டு ஜன்னலுக்கும் இதே பிலிம்தானுங்க. என் தங்கச்சி மூணு மாப்பிள்ளைய இப்படித்தான் வெரட்டி உட்டா!"