ஆபேல் ஷெட்டில் லில்லி

"இந்த ஞாயித்துக்கிழமையும் ஆபேல் ஷெட்டுக்கா?"

"ஆமாங்க. பட்டாளத்து ஏலத்துல எடுத்த ஜீப்பு, கிளட்ச் மறுபடி மக்கர் பண்ணுது. சாயங்காலம் ஜீப்பு கிளப்புல எல்லாரும் சேந்து பிரியாணி போடறோம். வர லேட்டாவும்." சொல்லிக்கொண்டே லில்லி படியிறங்கிவிட்டாள்.

ஆம்பூர் தோல் கம்பெனியில் கணக்கு எழுதும் அவள் புருஷன் சுந்தர்ராஜுக்கு வயிறு எரிந்தது. சர்ச் விட்டு வந்ததும் வராததுமாகப் பழைய புடவைக்கு மாறிக்கொண்டு ஓடுகிறாள். போன வாரம் அந்த ஜீப்பில் ஏலகிரி போய் வந்தவள், ராத்திரியெல்லாம் மெக்கானிக் ஆபேல் புராணம் பாடினாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

பொறுத்தது போதுமென்று சைக்கிளை மிதித்தான். ஷெட்டில், ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஜோடி லில்லியுடையது.

"வெளிய வாடா ஆபேலு!"

ஆபேல் அவசரமாக ஊர்ந்து வெளியே வந்தான், பின்னாலேயே லில்லியும். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அக்கா எனக்குக் கூடப்பொறந்தவங்க மாதிரி..."

"அது எனக்குத் தெரியாதா? அவளைக் கிளப்புல சேத்தியே, என்னை ஏண்டா சேக்கல? அவ மட்டும் மலையேறுவா, நான் ஊட்ல குந்திக்கினு இருக்கணுமா?"

ஆபேலுக்கு மூச்சு வந்தது. "பிரேக் கிறீச்னு கத்துதுன்னு, தோலுக்குப் பூசற மீன் எண்ணெய அதுல ஊத்துனது யாருண்ணே? ஜீப்பு பாலாத்துலதான போய் நின்னுது!"

லில்லி கிரீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வரட்டும் ஆபேலு, பாவம். வெங்காயம் உரிக்க ஆளில்ல."

சுந்தர்ராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"உரிக்கறேன். ஆனா அடுத்த தபா மலைக்குப் போறப்ப முன் சீட்டு எனக்குத்தான்!"