திரும்ப முளைத்த வால்

சுவரில் தொங்கிய சிலுவைக்குப் பின்னால் போன வருடத்துக் குருத்தோலை காய்ந்து கிடந்தது. அங்கே குடியிருந்த பல்லிக்கு அதுதான் ஒரே துணை.

"விபூதிப் புதனுக்கு நெத்தியில பூசற சாம்பலாக்க, நாளைக்கு உன்னைக் கோவிலுக்கு எடுத்துட்டுப் போறாங்க. விரிசலுக்குள்ள இழுத்துக்கிறேன், வர்றியா?" என்றது பல்லி.

"வேண்டாம்பா. விரியறதுக்கு முன்னாடியே மரத்தை விட்டு வந்தவன் நான். பாதியில நிக்க மாட்டேன்" என்றது ஓலை.

"நான் மட்டும் எதையும் விடலையா? பூனைகிட்ட வாலையே விட்டேன்."

"அதான் முளைச்சிடுச்சே!" என்று ஓலை சிரித்தது.

பல்லி கோபத்தில் விரிசலுக்குள் புகுந்துகொண்டது. காலையில் ஓலை போய்விட்டது.

புதனன்று வீட்டுக்கார பிலோமினா நெற்றியில் சாம்பலோடு திரும்பினாள். பல்லி அந்தச் சாம்பலைக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை.

முளைத்த வாலை ஓலை இருந்த பக்கம் நீட்டிப் படுத்தது. இடம் தாராளமாக இருந்தது.