வெளியூர்த் தலைவர்

சீமோன் அங்கிள் வீட்டில அந்த மனுசன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்ச நிமிசமே எல்லாம் பிழையாப் போச்சு.

"வேண்டாம் அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்குக் காருக்குள்ள சாப்பாடு இருக்கு."

சொன்னது ஜவாஹிர். ஊர்ச்சங்கத்தின்ர புதுத் தலைவர். சொல்லிப்போட்டு எழும்பிப் போய், வாசலில நிண்ட காருக்குள்ள இருந்து சாண்ட்விச் சாப்பிடுறார்! கமிட்டி முழுக்க யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்குது.

வீட்டுக்கார அன்ரிக்கு முகம் கறுத்துப் போச்சு. அவருக்கெண்டே ஹலால் ஆட்டிறைச்சி தேடி வாங்கி, புதுச் சட்டியில காய்ச்சினவ.

"பாத்தியளே திமிரை? எங்கட வீட்டில கை நனைக்க அவருக்கு ஏலாதாம்!" எண்டார் சீமோன் அங்கிள்.

நிலாணி மெல்ல யன்னலை விட்டு விலகினாள். அந்த மனுசனைக் கொண்டு வந்ததே அவள்தான்.

ஒரே ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த ஆக்களின்ர ஊர்ச்சங்கம் ரெண்டாப் பிளந்து கிடந்தது. சீமோன் அங்கிள் ஆக்கள் ஒரு பக்கம், ஜெயரட்ணம் அங்கிள் ஆக்கள் மற்றப் பக்கம். போன கோடையில மோர்னிங்சைட் பார்க்கில, ஒரே நாளில ரெண்டு ஒன்றுகூடல்! ரெண்டு கூழ்ப் பானை, ரெண்டு ஸ்பீக்கர். கயிறு இழுக்க ரெண்டு பக்கமும் ஆள் காணாது.

நிலாணி யூனிவர்சிட்டியில இத்தாலி வரலாறு படிக்கிறாள். பொலோஞ்ஞா நகரத்து மேயர்மாரைப் பற்றிக் கட்டுரை எழுதப் போய், அதே பைத்தியமாப் போச்சு.

"அங்கிள், கேளுங்கோவன்! இப்ப அங்க மேயருக்கு எலக்சன் வைக்கினம். ஆனா எண்ணூறு வருசத்துக்கு முதல் பெரிய குடும்பங்கள் ஒண்டையொண்டு வெட்டிக்கொண்டு நிண்டதுகள். அப்ப என்ன செய்தவை தெரியுமோ? வேற ஊரில இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டு, ஒரு வருசத்துக்கு ஊரை அவற்ற கையில குடுத்தவை! பொதெஸ்தா எண்டு பேர். உள்ளூரில அவருக்குச் சொந்தபந்தம் ஒண்டும் இருக்கக் கூடாது."

"அப்ப எங்களுக்கும் ஒரு வெளியாள் வேணும் எண்டிறாய்?"

"ஓம்! ஓம்!"

சண்டை பிடிச்சுக் களைச்ச ரெண்டு பக்கமும் தலையாட்டிச்சுது. நிலாணியின்ர அம்மாவோட வேலை செய்யிற றசீனா அன்ரியின்ர புருசன்தான் ஜவாஹிர். நகரத்தின்ர மற்ற அந்தத்தில, ரெக்ஸ்டேலில இருக்கிறார். புத்தளத்து ஆள் எண்டு எல்லாரும் நினைச்சுக்கொண்டினம். கேட்ட உடன ஓமெண்டிட்டார்.

இப்ப பாத்தா, இப்பிடி.

அடுத்த கூட்டம் ஜெயரட்ணம் அங்கிள் வீட்டில. அங்கையும் அதே கூத்து. பிளேன்ரீ கூடத் தொடேல்லை. அடுத்த நாளே ஜெயரட்ணம் அங்கிள் சீமோன் அங்கிளுக்கு போன் அடிச்சார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம்: "உவரைக் கலைச்சு விடோணும்."

நிலாணி பதறியடிச்சு ரெண்டு பேரையும் ஒரு கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டாள்.

"ஐயோ, அது திமிர் இல்லை அங்கிள்! பொதெஸ்தா ஒருத்தற்ற வீட்டிலயும் சாப்பிடக் கூடாது. ஒரு வீட்டில சாப்பிட்டா மற்ற வீட்டுக்காரர் சந்தேகப்படுவினம் எல்லே? நான் அவருக்குப் பகிடிக்குத்தான் சொன்னனான். அந்த மனுசன் அப்பிடியே பிடிச்சுக்கொண்டிட்டார்!"

சீமோன் அங்கிள் மற்றவரைத் திரும்பிப் பாத்தார். "உன்ர வீட்டிலயும் தொடேல்லையோ?"

"பிளேன்ரீயும் இல்லையடா."

"அப்பச் சரி."

தலைவர் தப்பினார். சங்கமும் தப்பிச்சுது. இந்தக் கோடையில அதே பார்க்கில ஒரே ஒன்றுகூடல், ஒரே பானைக் கூழ். கயிறு இழுக்கேக்க சீமோன் அங்கிளும் ஜெயரட்ணம் அங்கிளும் ஒரே பக்கம் நிண்டு, ஒண்டாவே குப்புற விழுந்தினம்!

பின்னேரம் நிலாணி மைக்கை எடுத்தாள்.

"பொலோஞ்ஞாவில தவணை முடிஞ்சா பொதெஸ்தா சனத்துக்கு முன்னால நிக்கோணும். குறை இருக்கிற ஆக்கள் கேக்கலாம். கேளுங்கோ!"

"குறை ஒண்டும் இல்லை!" எண்டு சனம் சிரிச்சுது. ஜெயரட்ணம் அங்கிள்தான் எழும்பினார்.

"ஊரில பிறந்த எங்களால ஏலாததை ஒரு வெளியாள் வந்து செய்து காட்டிப்போட்டார். நன்றி தம்பி!"

பார்க்கே அதிரக் கைதட்டு. விசில் வேற. ஜவாஹிர் மைக்கை வாங்கினார்.

"நீங்கள் ஒருத்தரும் கேக்காத குறை ஒண்டு இருக்கு. தலைவர் வெளியூர் ஆளா இருக்கோணும் எண்டது இந்தப் பிள்ளை சொன்ன முதல் விதி. அதை மட்டும் நான் மீறிட்டன்."

"என்ன தம்பி சொல்லுறியள்?"

"நான் எங்கட ஊர்ப் பள்ளிவாசல் ஒழுங்கையில பிறந்தனான், அண்ணை. தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லேக்க, வாப்பான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு புத்தளத்துக்கு நடந்தனான்."

ஜெயரட்ணம் அங்கிள் கூழ்க் கோப்பையைக் கீழ வைச்சார்.

"ஏன் தம்பி... முதலே ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"ஊராள் எண்டு ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை அண்ணை. வெளியாள் எண்டுதான் கூப்பிட்டியள். அதையும் இழந்திடக் கூடாதெண்டுதான் ஒரு வீட்டிலயும் கை நனைக்கேல்லை. இந்த ஒரு வருசம் ஊர்ச்சனத்தோட இருக்க விட்டியள். நன்றி."