நிற்காத சமிக்ஞை

"இவளை வேலையை விடச் சொல்லுங்க, டொக்தேர். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறா."

பழனியாண்டி நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான். பக்கத்தில் அவன் மனைவி பூங்காவனம் கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். பீனிக்ஸ் பின்னலாடை ஆலையில் அவளை இப்போதுதான் சூப்பர்வைசராக்கியிருந்தார்கள். அவளுக்கென்று வாழ்க்கையில் வாய்த்த முதல் பெருமை அது.

டாக்டர் ரமாமணி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர், இங்கே பேசும் கிரியோல் மொழி இப்போது அவருக்குச் சரளமாகவே வந்தது.

"நுரையீரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு."

"உள்ளுக்குள்ள தழும்பா? எப்படி?" பூங்காவனம் பயந்துபோனாள்.

"உறுத்துற தூசி உள்ள போனா, அங்க இருக்கிற செல்கள் பக்கத்துச் செல்களுக்குச் சமிக்ஞை அனுப்பும். 'இங்க காயம், வந்து அடை'ன்னு. உடனே நார் உண்டாக்குற செல்கள் வேலையை ஆரம்பிக்கும். காயம் ஆறினதும் சமிக்ஞை நிக்கணும். உங்களுக்குத் தினமும் உறுத்துறதால அது நிக்கவே இல்ல. நார் சேர்ந்து இறுகினா நுரையீரல் விரியாது."

"மெஷினை யாரும் நிறுத்தாத மாதிரியா?"

"அதேதான். ஆனா இன்னும் இறுகல. உறுத்துறதை விலக்கிட்டு மருந்தும் சாப்பிட்டா, சமிக்ஞை அடங்கிடும். நல்லா மூச்சு விடலாம்."

"பஞ்சுத் தூசி! நான் அன்னைக்கே சொன்னேன்!" என்றான் பழனியாண்டி.

பூங்காவனத்தின் கண்கள் நிறைந்தன. "போன மாசம் லீவு போட்டு வீட்டுலதானே இருந்தேன், டொக்தேர்? இவர்தான் போட வெச்சார். பின்னறையில நல்ல காத்து வரும்னு சன்னலோரமா கட்டிலைப் போட்டு, சூப் காய்ச்சிக் குடுத்து, அப்படிப் பாத்துக்கிட்டார். இருமல் ஏறத்தான் செஞ்சுது."

"ஆலைக்குத் திரும்பினதும்?"

"கொஞ்சம் தேவலை."

"அய்யோ, வேலையை விடாம இருக்க இப்படிச் சொல்றா!"

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துப் பார்த்தார். பூங்காவனம் தலைகுனிந்தாள். சூப்பர்வைசர் வேலை கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தாள்.

"பழனியாண்டி, அந்தச் சன்னலுக்கு வெளியே என்ன இருக்கு?"

அவன் முகம் மலர்ந்தது. "என் புறாக்கூண்டு, டொக்தேர். எல்லாம் பந்தயப் புறா! பிள்ளைங்க மாதிரி வளர்க்கிறேன்."

"இவங்க ரத்தம் எதிர்ப்புக் காட்டுறது பஞ்சுக்கு இல்ல, புறாவோட இறகுத் தூசிக்கும் எச்சத் தூசிக்கும்தான். வேலைக்கு இவங்க தாராளமா போகலாம்; வீட்டை விட்டுப் போக வேண்டியது உங்க புறாக்கள்."

 பழனியாண்டி மனைவியின் கையைப் பற்றிக்கொண்டான்.

"பறவைங்களை எல்லாம் இன்னைக்கே என் கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன், நாளைக்குக் காலையில உன்னை ஆலை வாசல்ல நானே இறக்கி விடறேன்."