பாலத்துக்குப் பாலம்

பாலத்தில் சைக்கிள் இல்லை.

கைப்பிடிச் சுவரின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார் சைக்கிள் கடைக்காரர். யாத்திரைக்காரர்கள் நாலைந்து பேரோடு பேச்சுக் கொடுத்தபடியே குறுக்கு வழிக் கல்படியில் ஏறி வந்ததில் அவருக்கு இன்னும் மூச்சு இறைத்தது.

பயணத்தின் முதல் நாளே பள்ளத்தாக்கில் அவருடைய சைக்கிளின் அச்சு முறிந்துபோனது. "ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றவர் வண்டியே படுத்துடுச்சே அத்தான்!" என்று கூட வந்த மச்சினன் வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு வழியும் அவனேதான் சொன்னான். மிச்சமிருந்த ஒரு சைக்கிளை ஒருவர் மிதித்துப் போய், அடுத்த பாலத்தில் சாத்திவிட்டு நடக்க வேண்டும். பின்னால் நடந்து வருபவர் அதை எடுத்து மிதித்து, முன்னவரைத் தாண்டிப் போய், அதற்கடுத்த பாலத்தில் விட வேண்டும்.

இரண்டு நாளாகப் பிசகாமல் நடந்த ஏற்பாடு.

"சரி, மிதிக்கிற சுகத்துல ஒரு பாலம் தாண்டிட்டான் போல" என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார். அடுத்த பாலம் வந்தது. அங்கேயும் சைக்கிள் இல்லை.

இந்தப் பயணமே மச்சினனை எடைபோடத்தான். பெண் பார்த்தாயிற்று, இருவருக்கும் பிடித்தும்விட்டது. பெண்ணின் அப்பாதான் இழுத்தார். "பையன் வேலைக்கு வேலை தாவுறவர்னு கேள்வி. நம்பலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைக் கொடுக்கிறேன்."

"நாலு நாள் மலை ஏறினா ஆளோட சாயம் வெளுத்துடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். நேற்று இரவு வரைக்கும் வெளுக்கவில்லை. சொல்லப்போனால், பையனை அவருக்குப் பிடித்தே போயிருந்தது.

வளைவு தாண்டி நாலு வீடுகளும் ஒரு டீக்கடையும் வந்தன. கடைக்கார அம்மா கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீலத் தொப்பி போட்ட பையன் ஒருத்தன் இந்தப் பக்கம் போனானாம்மா?"

"ஓ, போனாரே! இந்த பெஞ்சுலதான் காலை நீட்டி உக்காந்து ரெண்டு டீ குடிச்சாரு."

"காலை நீட்டியா! துரைக்கு அவ்வளவு சொகுசு."

"பின்னாடி உங்களை மாதிரி ஒருத்தர் வர்றாரான்னு வர்றவங்க போறவங்களையெல்லாம் கேட்டாரு. அப்புறம், நேரமாச்சு, மேல கதவை மூடிடுவாங்கன்னு கிளம்பிட்டாரு."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு தூரம் பின்னால் விட்டோம் என்று விசாரித்திருக்கிறான்! உச்சியில் இருக்கும் யாத்திரிகர் விடுதியின் கதவு ஐந்து மணிக்கு மூடிவிடும். அவன் மிதித்துப் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வான், அத்தான் வெளியே பனியில் விறைக்க வேண்டியதுதான்.

"நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன். டீ போடவா?"

"அவன் உக்காந்த பெஞ்சுலயா? வேண்டாம்மா. போன் இருக்கா?"

அந்த மலையில் செல்போன் மணி பார்க்க மட்டுமே உதவியது. கடையின் பழைய போன் உதவியது. இரண்டாவது மணியிலேயே பெண்ணின் அப்பா எடுத்தார்.

"சொல்லுங்க, சொல்லுங்க! நல்ல சேதிதானே?"

"வேண்டாங்க. கூட வந்தவனை நடுவழியில விட்டுட்டு ஓடுறவனுக்குப் பொண்ணைக் கொடுக்காதீங்க."

"உங்க மச்சினனைப் பத்தி நீங்களே இப்படிச் சொல்றீங்கன்னா... நல்லவேளைங்க. இன்னொரு இடத்துல ஒரு வாரமா கேட்டுட்டிருக்காங்க. இப்பவே கூப்பிட்டுச் சரின்னு சொல்லிடறேன்."

ரிசீவரை வைத்து, போனுக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தார்.

மிச்ச ஏற்றம் முழுவதும் நெஞ்சு காந்தியது. நேற்று அவன் பாதத்தில் ஏறிய முள்ளைக் குனிந்து பிடுங்கிவிட்டவர் அவர்தான். பெரிய ரொட்டித் துண்டை அவனுக்கு ஒதுக்கியவரும் அவர்தான். அந்நியன் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பார். கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்தவன் அல்லவா!

ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது விடுதி கண்ணில் பட்டது. பாதி மூடிய கதவில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றிருந்தான் மச்சினன். காவலாளி அவனைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாரு! எங்க அத்தான் வந்துட்டாரு!" என்று கத்தினான் அவன்.

"நடிக்காதடா!" அவருடைய குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. "பொண்ணோட அப்பாகிட்ட உன் லட்சணத்தைச் சொல்லியாச்சு. இந்நேரம் வேற இடத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பாரு. இனிமே அந்தப் பொண்ணு உனக்கில்லை!"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கடா சைக்கிள்?"

கீழே வளைந்து வளைந்து போன ரோட்டைக் கையால் காட்டினான் அவன்.

"கொண்டை ஊசி வளைவுப் பாலத்துலயே உங்களுக்காகச் சாத்தி வெச்சுட்டு நடந்துதான் வந்தேன்... நீங்க ரோட்டு வழியா வரலையா அத்தான்?"