பெரிய டாக்டர் தலையாட்டினார்

"சத்தமா பேசும்மா. ஆராய்ச்சி பண்ண வர்றவங்களுக்கு ஒரு தைரியம் வேணாமா?" என்றார் பெரிய டாக்டர்.

மூன்றாவது முறையாகச் சொல்கிறார். நான் ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் அவர், ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய காது அறுவை நிபுணர். காது கேட்பதைப் பற்றியும் உடல் தடுமாறாமல் நிற்பதைப் பற்றியும் ஆராய்கிறவர்களில் ஒருவரை வருடா வருடம் அவரே நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்து, சொந்தப் பணத்தில் உதவித்தொகை தருகிறவர். அவருக்கு ஒரு பக்கம் அறக்கட்டளையின் ஆடிட்டர். இன்னொரு பக்கம் ஒரு கல்லூரி முதல்வர்.

கிடைத்தால் என் ஆராய்ச்சி தொடரும். கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே காது மிஷின் விற்கும் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். "ஏசி ரூம்ல உக்காந்த இடத்துல வேலை, கசக்குதா உனக்கு?" என்று அக்கா வேறு.

வெளியே காத்திருந்தபோதே எனக்கு எரிச்சல். முன்னறைச் சுவரில் இதுவரை வாங்கியவர்களின் புகைப்படங்கள், வருட வரிசையில், ஒரே நீளமாக. இடப்பக்கம் பெண்ணும் ஆணுமாகக் கலந்து இருந்தார்கள். போகப் போகப் பெண்கள் குறைந்து, வலக்கோடியில் வெறும் மீசைகள்.

"ஆம்பளைங்களுக்கே தூக்கிக் குடுக்கறதுன்னா எங்களை எதுக்கு வரச்சொல்லணும்?" என்று பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழனிடம் கேட்டேன்.

அவனுக்குப் பட்டப்பெயர் இடி. தலைசுற்றி விழும் முதியவர்களைப் பற்றி ஆராய்கிறான். ரகசியம் பேசினால்கூட மாடிக்குக் கேட்கும்.

"விடு, போய்ப் பேசிப் பாரு" என்றான். அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பேசிப் பார்த்தேன். காது மங்கிப்போனதை வேலையிடத்தில் மறைப்பவர்கள், இதுதான் என் தலைப்பு. ஓட்டுநர்கள், வாத்தியார்கள், கடைக்காரர்கள். அவர்களைக் கூனிக்குறுக வைக்காமல் எப்படிக் கண்டுபிடித்து உதவுவது என்று மூச்சு முட்ட விளக்கி முடித்தேன்.

"சரி, உன் தலைப்பு என்ன?" என்றார் பெரிய டாக்டர்.

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன்.

அவர் பார்வை என் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது. தலை லேசாகச் சாய்ந்து வலது காது என் பக்கம் வந்திருந்தது. ஆடிட்டர் தன் கட்டைக் குரலில் எதைச் சொன்னாலும் உடனே பதில் வந்தது. நான் சொன்னதற்கெல்லாம் ஒரு புன்னகை.

வயதாகும்போது மெல்லிய, கூரான ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும். பெண் குரல் பெரும்பாலும் அதோடு சேர்ந்து போய்விடும். கத்தினால் சத்தம்தான் கூடும், சொல் தெளியாது. இது எங்கள் முதல் வருடப் பாடம்.

பாவமாகத்தான் இருந்தது. பரிசோதனை அறையில் வயதானவர்களிடம் பேசுவதுபோல் குரலைக் கொஞ்சம் கட்டையாக்கி, முகம் நேராகத் தெரியும்படி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சரமாரியாகக் கேள்விகள், அத்தனையும் அருமையான கேள்விகள். "நல்ல மூளைம்மா உனக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"மறைக்கிறவன் லேசுல ஒத்துக்க மாட்டானே. எப்படிப் பிடிப்பே?" என்று கேட்டார்.

ஒருவர் காதால் கேட்கிறாரா, உதட்டைப் பார்த்து ஊகிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நாங்கள் வாயை மறைத்துக்கொண்டு பேசுவோம். தினமும் செய்து செய்து கைக்கே பழகிப்போன காரியம். உற்சாகத்தில் மேஜையில் இருந்த என் ஃபைலை எடுத்து வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. இன்னிக்கு மழை வரும்."

பெரிய டாக்டர் புன்னகையோடு தலையாட்டினார்.

கேள்வி கேட்டவரையே நோயாளியாக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல்வர் ஜன்னலைப் பார்த்தார். ஆடிட்டர் மேஜையைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. பாவிகள், ரொம்ப நாளாகத் தெரிந்திருக்கிறது.

ஃபைலை இறக்கினேன். அதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது. ஆயிரம் பேருக்கு அவரே இப்படி வாயை மறைத்துப் பார்த்தவர்தானே. புன்னகை மெல்ல வடிந்தது. காது மடல் சிவந்தது.

"இப்படி மறைக்கிறவங்கன்னு யாரும் கிடையாதும்மா" என்றார். "இல்லாத ஒண்ணுக்கு எதுக்கு ஆராய்ச்சி? நீ போகலாம்."

வெளியே வந்தேன். இடி உள்ளே போனான். கதவு மூடிய பிறகும் அவன் சொல்வது ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. இடையிடையே பெரிய டாக்டரின் சிரிப்பும் கேட்டது.

எதிரே அதே சுவர்.

காதுப் பரிசோதனையின் முடிவை நாங்கள் ஒரு கோடாக வரைவோம். இடப்பக்கம் கட்டையான ஒலி, வலப்பக்கம் கூரான ஒலி. வயதானவர்களின் கோடு இடப்பக்கம் ஒழுங்காகப் போய், வலப்பக்கம் சரிந்து விழும். இந்தப் புகைப்பட வரிசையில் பெண்களும் அப்படித்தான் சரிந்திருந்தார்கள். வருடா வருடம் தன் காதை அவரே சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

எத்தனை பெண்கள் உள்ளே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டை கிழியப் பேசி, தைரியம் போதவில்லை என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ. அவர்களை அவர் ஒதுக்கவில்லை. அவர்கள் பேசியது அவர் காதில் விழவேயில்லை.

என்னுடையது மட்டும்தான் முழுதாக விழுந்தது.